டெங்குவில் காய்ச்சல் இறங்கிய பிறகு செவிலியர் கவனிக்க வேண்டியவை

டெங்கு வார்டில் செவிலியரின் கணிப்பு மிகுதியும் தேவைப்படுவது காய்ச்சல் 103 டிகிரியில் கொதிக்கும்போது அன்று. அது இறங்கிய பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரத்தில்தான். நோய் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், வெப்பநிலை குறையும் தருவாயில், சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, கசியத் தொடங்குகிறது. குடும்பத்தார் உடம்பு சுடவில்லை என்று நிம்மதியடைந்து, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பதும் அந்த நேரத்தில்தான். ஆகவே காய்ச்சல் எந்த நாள், எந்த வேளையில் தொடங்கியது என்று முதலிலேயே கேட்டு, கேஸ் ஷீட்டின் தலைப்பகுதியில் எழுதிவையுங்கள். மருத்துவமனையில் சேர்ந்த நாளை முதல் நாளாகக் கொண்டு எண்ணினால் கணக்கு தவறிவிடும்.

இரத்த அழுத்தத்தைப் பார்க்கும்போது மேல் எண்ணோடு நின்றுவிடக் கூடாது. காலையில் 110/70 இருந்தவருக்கு மாலையில் 104/86 வந்தால், அவசரமாகப் பார்ப்பவருக்கு அது இயல்பாகவே தோன்றும். ஆனால் இரு எண்களுக்கும் இடையிலான வேறுபாடு 40இலிருந்து 18 ஆகச் சுருங்கியிருக்கிறது. டெங்குவில் அந்த வேறுபாடு 20 அல்லது அதற்கும் கீழே இறங்குவது அதிர்ச்சி நிலையின் (ஷாக், உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் எட்டாத நிலை) அடையாளம். அப்போதும் நோயாளி உட்கார்ந்து தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கலாம் என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கருவி காட்டும் எண்ணில் ஐயம் இருந்தால் கையால் மீண்டும் அளந்துவிட்டு, நோயாளியின் கையைத் தொட்டுப் பாருங்கள். விரல் நுனியை ஐந்து வினாடி அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நிறம் திரும்பத் தாமதமாகி, உள்ளங்கை சில்லிட்டு, நாடி வேகமாகவும் மெலிந்தும் ஓடினால், அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக் கூடாது.

விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மந்தமான சோர்வு அல்லது காரணமில்லாத அமைதியின்மை ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். இவற்றுள் கடைசியானதை நம்மைவிட முன்னதாகக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் தாயாரோ மனைவியோதான். “சிஸ்டர், இவன் எப்பவும் இப்படி இருக்க மாட்டான்” என்று ஒரு தாய் சொன்னால், அதைப் பதற்றம் என்று தள்ளாமல், எழுந்து சென்று பாருங்கள்.

குடும்பத்தாரின் கவனம் முழுவதும் பிளேட்லெட் எண்ணிக்கையில் இருக்கும். பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா என்ற கேள்வியும் கூடவே வரும். இரத்தக் கசிவு இல்லாதவருக்கு, எண்ணிக்கை குறைந்த காரணத்துக்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவது வழக்கமான சிகிச்சை அன்று என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது ஹீமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற எண். 36 இருந்தது 44 ஆனால் பிளாஸ்மா கசிகிறது என்று கொள்ளலாம். அதே எண் இறங்கும்போதுதான் கணிப்பு கடினமாகிறது: நாடி நிதானமாக இருந்து சிறுநீரும் நன்றாகப் போனால் கசிந்த நீர் திரும்பிவருகிறது என்று பொருள், நாடி வேகமெடுத்து அழுத்தம் தளர்ந்தால் உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறது என்றே ஐயப்பட வேண்டும். தாள் ஒன்றுதான், பொருள் நேரெதிர். எனவே ஆய்வக முடிவை நோயாளியைப் பார்க்காமல் படிக்கக் கூடாது.

சிறுநீரை அளக்கும் பொறுப்பை உடனிருப்பவரிடம் கொடுக்கலாம். அளவுக் குவளையும் எழுதுவதற்கு ஒரு தாளும் போதும். 50 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 25 மில்லி, அதாவது ஆறு மணி நேரத்தில் 150 மில்லியாவது போக வேண்டும். குடிக்கக் கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொல்லுங்கள், மாதுளை, பீட்ரூட் சாறு வேண்டாம், ஏனெனில் வாந்தியில் இரத்தம் இருக்கிறதா என்பதை அந்தச் சிவப்பு மறைத்துவிடும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டுமே. ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் கூடாது. பையில் கடையில் வாங்கிய வலி மாத்திரை இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

டியூட்டி டாக்டரை அழைக்கும்போது “பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்கார்” என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. “ஐந்தாம் படுக்கை, காய்ச்சலின் ஐந்தாம் நாள், இரண்டு மணி நேரமாகக் காய்ச்சல் இல்லை, பி.பி. 104/86, நாடி 124, கை சில்லிட்டிருக்கிறது, நான்கு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அதிர்ச்சி நிலை என்று நினைக்கிறேன், உடனே வாருங்கள்” என்று சொல்லுங்கள். அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வர இயலாவிட்டால் அடுத்த நிலை மருத்துவரை அழையுங்கள்.

கசிவுக் கட்டம் கடந்ததும் ஆபத்து திசை மாறுகிறது. வெளியேறிய நீர் குழாய்களுக்குள் திரும்பும்போது, குடும்பத்தார் “இன்னொரு பாட்டில் ஏத்துங்க சிஸ்டர்” என்று வற்புறுத்துவார்கள். இமை வீங்கி, இருமலோடு மூச்சு வாங்கத் தொடங்கியவருக்கு டிரிப் தொடர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே இக்கட்டத்தில் ஒவ்வொரு பாட்டிலையும் மாற்றுவதற்கு முன் மூச்சு எண்ணிக்கையையும் ஆக்சிஜன் அளவையும் பார்த்து, டிரிப் இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்ட பிறகே அடுத்ததை மாட்டுங்கள்.