வேக்குவம் கேஜ் வைத்து கார்புரேட்டர் சிங்க் செய்வது: எந்த கேஜ் வாங்கலாம், எப்படிப் பயன்படுத்தலாம்

ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டர் உள்ள வண்டியில் எல்லா சிலிண்டருக்கும் ஒரே அளவு காற்று போகும்படி அவற்றைச் சமன் செய்வதுதான் சிங்க்; அதற்கு ஒவ்வொரு சிலிண்டரின் உறிஞ்சலையும் (வேக்குவம்) கேஜில் பார்க்க வேண்டும். ஸ்ப்ளெண்டர், பல்சர், பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை கிடையாது. ஒரே ஒரு கார்புரேட்டரை எதோடு சமன் செய்வது? ஹையோசங் ஜிடி 250 போன்ற இரட்டை சிலிண்டர் வண்டி, வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஹோண்டா, கவாசாகி, சுசுகி நாலு சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் இது. ராஜ்தூத் 350-க்கும் இரண்டு கார்புரேட்டர் உண்டு. ஆனால் அது டூ-ஸ்ட்ரோக் என்பதால் அதற்கு வழியே வேறு, கடைசியில் பார்ப்போம்.

சிங்க் போன வண்டி ஸ்லோவில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் எஞ்சின் ஓடும்போது) குலுங்கும், கிளட்சில் கடகடவென்று சத்தம் வரும், ஆக்சிலேட்டரை விட்டாலும் ஸ்லோ உடனே இறங்காது. தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் ஆக்சிலேட்டரை மூடியும் மூடாமலும் பிடித்து இறங்கிப் பாருங்கள், வண்டி வெட்டி வெட்டிப் போகும். அதே வண்டியை நெடுஞ்சாலையில் முறுக்கினால் ஒரு குறையும் தெரியாது. காரணம் எளிது. ஸ்லோவில், கார்புரேட்டரின் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு மயிரிழை அளவுதான் திறந்திருக்கும். அங்கே ஒரு சிலிண்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தாலும் காற்றின் அளவில் பெரிய வித்தியாசம் வந்துவிடும். முழுசாகத் திறந்தபின் அதே வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

எந்த கேஜ் வாங்குவது

0 முதல் 760 மி.மீ. பாதரசம் வரை (அதாவது 30 அங்குலம்) வேக்குவம் மட்டும் காட்டும் டயல் கேஜ், சிலிண்டருக்கு ஒன்று, போதும். முகப்பு 63 மி.மீ. இருக்கலாம், 100 மி.மீ. என்றால் படிக்க வசதி. ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும், அழுத்தமும் வேக்குவமும் சேர்த்துக் காட்டும் கூட்டு கேஜை வாங்கிவிடாதீர்கள். அதில் வேக்குவம் பகுதி ஒரு ஓரத்தில் சின்னதாக ஒடுங்கியிருக்கும், 10 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பாதரசக் குழாய் வைத்த பழைய வகை துல்லியமானதுதான். ஆனால் பாதரச ஆவி நஞ்சு, குழாய் உடைந்தால் பட்டறைத் தரையை முழுசாகச் சுத்தம் செய்யவே முடியாது. வேண்டாம்.

புதியவர்கள் அதிகம் கவலைப்படுவது கேஜின் துல்லியம் பற்றி. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 1.6 வகுப்பு கேஜில் முழு அளவில் 1.6 சதவீதம், அதாவது சுமார் 12 மி.மீ. வரை பிழை அனுமதி உண்டு. ஒன்று 12 கூட, இன்னொன்று 12 குறைய என்றால் 24 மி.மீ. வித்தியாசம் கேஜிலேயே வந்துவிடும். யமஹாவின் பல வண்டிகளுக்கு மேனுவல் தரும் வரம்பே 10 மி.மீ. தான், கவாசாகியில் 20 மி.மீ. அப்படியானால் விலை கூடிய கேஜ் வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. கேஜ் சரியான எண்ணைக் காட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எல்லா கேஜும் ஒரே எண்ணைக் காட்டினால் போதும்.

அதைச் சோதிக்க, ஒரே சிலிண்டரின் வேக்குவம் துளையிலிருந்து டி-ஜாயிண்ட் போட்டு எல்லா கேஜையும் இணைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். ஒவ்வொன்றும் என்ன காட்டுகிறது என்று பார்த்து, வித்தியாசத்தை மார்க்கரால் கேஜின் மேலேயே எழுதிவையுங்கள். '+8', '-4' என்று இருந்தால் வேலை செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் சிங்க் பார்ப்பது வீண் வேலை.

ஊரின் உயரமும் இதோடு சேர்ந்ததுதான். தருமபுரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 470 மீட்டர், ஓசூர் சுமார் 900 மீட்டர். காற்றழுத்தம் தருமபுரியில் 40 மி.மீ. பாதரசம் அளவும், ஓசூரில் 75-க்கு மேலும் குறைவு. மேனுவலில் இருக்கும் வேக்குவம் எண் வரவில்லை என்று பதற வேண்டாம். சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள்.

கேஜோடு வேண்டிய மற்ற சாமான்கள்: ஒரே நீளம், ஒரே துளை அளவு உள்ள கனமான ரப்பர் ட்யூப், மேனிஃபோல்டு (கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் குழாய்) மேலுள்ள வேக்குவம் துளைக்கான அடாப்டர்கள். துளை பெரும்பாலும் 5 அல்லது 6 மி.மீ. மரையாக இருக்கும். பித்தளையில் கடைந்து தர ஓசூர் சிப்காட் பக்கம் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை; துளையை மூடியிருக்கும் பழைய ஸ்க்ரூவை மாதிரிக்குக் கொண்டுபோங்கள். அடுத்து, ஒவ்வொரு ட்யூபிலும் ஒரு சின்ன வால்வு. ஒற்றை சிலிண்டரின் உறிஞ்சல் விட்டு விட்டு வருவதால் முள் தாறுமாறாக ஆடும், சில நாளில் கேஜே பழுதாகும். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் ஏர் கண்ட்ரோல் வால்வு இதற்கு அருமையாகப் பொருந்தும்.

இரண்டே சிலிண்டர் என்றால் கேஜே வாங்காமல் சமாளிக்கலாம். கொத்தனார் பயன்படுத்தும் லெவல் ட்யூபை 1 மீட்டர் பலகையில் 'ப' வடிவத்தில் வளைத்துக் கட்டி, பாதி உயரத்துக்கு 2டி ஆயில் ஊற்றி, இரு முனையையும் இரு மேனிஃபோல்டில் மாட்டினால் அதுவே கருவி. 1 மி.மீ. பாதரச வித்தியாசத்துக்கு ஆயில் மட்டம் சுமார் 15 மி.மீ. விலகும், எந்த டயலும் இவ்வளவு நுணுக்கமாகக் காட்டாது. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. 60 மி.மீ. வித்தியாசம் இருந்தால் ஆயில் முழுக்க எஞ்சினுக்குள் போய்விடும். 2டி ஆயில் என்றால் வெறும் புகையோடு போகும், தண்ணீர் ஊற்றாதீர்கள். இரு பக்கமும் ஒவ்வொரு சின்ன பாட்டிலை இடையில் வைத்துவிட்டால் அந்தப் பயமும் இல்லை.

தொடங்குமுன்

டேப்பெட் (எஞ்சின் வால்வு) இடைவெளி, பிளக், ஏர் ஃபில்டர், மேனிஃபோல்டு ரப்பர் எல்லாம் முதலில் சரியாக இருக்க வேண்டும். குறிப்பாக டேப்பெட். இறுக்கமான வால்வு உள்ள சிலிண்டரில் வேக்குவம் குறைவாகத்தான் காட்டும். அதை சிங்க் ஸ்க்ரூவால் சரிக்கட்டினால் கேஜில் அழகாக இருக்கும், வண்டி மோசமாக ஓடும். ரப்பரில் ஏர் லீக் இருக்கிறதா என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் ஜாயிண்டைச் சுற்றித் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். ஸ்லோ மாறினால் லீக்தான். பெட்ரோலைத் தெளிக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு, சூடான எஞ்சினில் அது தீயோடு விளையாட்டு.

வேலை முறை

1. வண்டியை 15 நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். குளிர்ந்த எஞ்சினில் எடுக்கும் எண் எதற்கும் உதவாது.

2. திறந்த இடத்தில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு எஞ்சினை அணைத்து, டேங்கைக் கழற்றுங்கள். பெட்ரோலுக்குத் தனி வழி வேண்டும். பழைய சாமான் கடையில் கிடைக்கும் டிவிஎஸ் 50 டேங்கைக் கார்புரேட்டருக்கு மேலே உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் டேப்போடு சேர்த்து எல்லாம் தயார். வேக்குவத்தில் திறக்கும் பெட்ரோல் டேப் உள்ள வண்டியில், ஒரு சிலிண்டரிலிருந்து டேப்புக்குப் போகும் ட்யூபைக் கழற்றி அந்தத் துளையில்தான் கேஜ் வரும்.

3. அடாப்டர்களை வாஷரோடு மாட்டி, ட்யூபை இணையுங்கள். ட்யூபிலுள்ள வால்வுகள் கிட்டத்தட்ட மூடியிருக்கட்டும்.

4. முன்னால் ஒரு டேபிள் ஃபேனைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் சீக்கிரம் கொதிக்கும், அதுவும் நம்மூர் சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம். 5 நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்து ஆறவிடுங்கள். ஸ்லோவை மேனுவல் சொல்லும் வேகத்தில், பெரும்பாலும் 1,100 முதல் 1,300 ஆர்பிஎம்மில் வையுங்கள்.

5. வால்வுகளை மெல்லத் திறங்கள். முள் லேசாகத் துடிக்க வேண்டும். அசையவே இல்லையென்றால் அதிகமாக மூடிவிட்டீர்கள். ஒருமுறை ரேஸ் பண்ணிப் பாருங்கள், முள் உடனே விழுந்து எழ வேண்டும்.

6. இப்போது படியுங்கள். அதிக வேக்குவம் காட்டும் சிலிண்டரில் தகடு அதிகம் மூடியிருக்கிறது; குறைவாகக் காட்டுவது அதிகம் திறந்திருக்கிறது. பலரும் இதைத் தலைகீழாக நினைத்துத்தான் தடுமாறுகிறார்கள்.

7. இரட்டை சிலிண்டரில் கார்புரேட்டர்களுக்கு நடுவே ஸ்ப்ரிங் போட்ட ஒரே ஒரு சிங்க் ஸ்க்ரூ. நாலில் பொதுவாக மூன்று இருக்கும்: முதலில் 1-2, அடுத்து 3-4, கடைசியில் நடு ஸ்க்ரூவால் இரண்டு ஜோடிகளையும் சமமாக்குங்கள். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். திருப்புளி அழுத்திக்கொண்டிருக்கும்போது காட்டும் எண் பொய். திருப்புளியை எடுத்து, ஒருமுறை ரேஸ் பண்ணி, முள் நின்றபின் படியுங்கள். லாக் நட் உள்ள வகையில் நட்டை இறுக்கும்போதும் எண் நகரும், இறுக்கியபின் மறுபடி பார்க்க வேண்டும்.

8. சமமாக ஆக ஸ்லோ ஏறும். ஒவ்வொரு முறையும் ஸ்லோ ஸ்க்ரூவால் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்து மறுபடி படியுங்கள். கடைசியில் 2,500 - 3,000 ஆர்பிஎம்மில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள், முட்கள் சேர்ந்தே நகர வேண்டும்.

காற்று-பெட்ரோல் கலவையை மாற்றும் மிக்ஸர் ஸ்க்ரூ பக்கம் கை போகவே கூடாது. சிங்க் முடிந்தபிறகு வேண்டுமானால் அதைத் தனியாகப் பார்க்கலாம்.

சரியாக வரவில்லையா?

ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பியும் ஒரு சிலிண்டர் மட்டும் கீழேயே நின்றால் திருப்புவதை நிறுத்துங்கள். டேப்பெட், ஏர் லீக், கம்ப்ரஷன் என்ற வரிசையில் தேடுங்கள். எல்லா முள்ளும் சமம், ஆனாலும் மிஸ்ஸிங் இருக்கிறது என்றால் பெரும்பாலும் பைலட் ஜெட் (ஸ்லோவில் பெட்ரோல் வரும் சின்னத் துளை) அடைப்பு. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இது சர்வசாதாரணம். சிங்க் காற்றை மட்டும்தான் சமன் செய்யும், வராத பெட்ரோலை வரவழைக்காது.

வேலை முடித்து மாட்டிய வண்டி முன்பைவிட மோசமாக, ஸ்லோ இறங்காமல் நின்றால் வேக்குவம் துளையின் ரப்பர் மூடியைப் பாருங்கள். சூட்டில் காய்ந்து வெடித்த மூடியைக் கழற்றித் திரும்ப மாட்டினால் அது பிடிக்காது. அந்த வழியாகக் காற்று போகும். மூடிகளைப் புதிதாகவே வாங்கி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்களுக்கு

டூ-ஸ்ட்ரோக்கில் உறிஞ்சல் பலவீனம், சீரும் கிடையாது. கேஜை நம்ப முடியாது. எஞ்சினை அணைத்து ஏர் ஃபில்டரைக் கழற்றி, இரு கார்புரேட்டரின் வாயிலும் ஒவ்வொரு விரலை வைத்து ஸ்லைடை (த்ராட்டில் தகட்டுக்குப் பதில் மேலும் கீழும் நகரும் பகுதி) தொட்டபடி, இன்னொருவரை ஆக்சிலேட்டரை மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே கணத்தில் கிளம்பும்வரை மேலுள்ள கேபிள் அட்ஜஸ்டரைத் திருப்ப வேண்டும். ஸ்லோ உயரத்துக்கு ஒரே டிரில் பிட்டின் தண்டை இரண்டு ஸ்லைடுக்கும் அடியில் மாற்றி மாற்றி வைத்து ஸ்டாப் ஸ்க்ரூவைச் சமமாக்குங்கள். கேபிளைத் தொட்டபிறகு ஆயில் பம்ப் கேபிளின் குறி பொருந்துகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அது பின்தங்கினால் ஆயில் குறைந்து பிஸ்டன் பிடித்துவிடும்.