கேக் மேல் எது போகலாம், எது போகக் கூடாது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேக் செய்யப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பதால், யார் எந்த இடத்தில் இடறப் போகிறார்கள் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஆரம்பத்தில் நானும் இடறிய இடங்கள்தான் அவை. ஓவனை முதலிலேயே சூடாக்க மறப்பது, டின்னில் பட்டர் பேப்பர் போடாமல் விடுவது, சர்க்கரை போட்டோமா இல்லையா என்று குழம்புவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. ஒருமுறை பட்டால் யாரும் அவற்றை மறக்க மாட்டார்கள். பார்க்க அழகாக வந்துவிட்ட கேக்குக்குள் ஒளிந்துகொள்ளும் தவறுகள் இருக்கின்றனவே, அவற்றைத்தான் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாவைக் கப்பால் அளப்பது

ஒரு கப் மைதா என்பதை நம்பி இறங்காதீர்கள். மாவை ஸ்பூனால் லேசாக எடுத்துக் கப்பில் போட்டு, மேலே கத்தியால் வழித்துவிட்டால் 120 கிராமை ஒட்டி வரும். அதே கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட வரும். மூன்று கப் கேட்கும் கேக்கில் இந்த வித்தியாசம் 90 கிராம். கேக் நடுவில் கூம்பி வெடிக்கும், மறுநாளே வறண்டுபோகும். பழி மட்டும் ஓவன் மேல் விழும். கிராமில் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

ஓவன் டயலை நம்புவது

டயல் காட்டும் சூடு வேறு, உள்ளே இருக்கும் சூடு வேறு. ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டரை வாங்கி வையுங்கள்.

ஆறாத கேக்கில் கிரீம் பூசுவது

ஓவனிலிருந்து எடுக்கும்போது கேக்கின் நடுப்பகுதி 95 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும். மேல்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு "ஆறிடுச்சு" என்று எல்லாரும் ஆரம்பித்துவிடுகிறார்கள். மேல்பக்கம் சீக்கிரம் ஆறும், நடுவில் வெதுவெதுப்பு நிற்கும். கேக்கைத் தூக்கி, அடிப்பக்கத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அங்கே சூடே தெரியக் கூடாது.

டின்னிலேயே 10, 15 நிமிடம் விட்டு, பிறகு கம்பித் தட்டில் கவிழ்த்துவிடுங்கள். டின்னிலேயே முழுக்க ஆறவிட்டால் ஆவி வெளியேற வழியில்லாமல் அடிப்பக்கம் ஈரமாகி நொசநொசத்துப் போகும். நன்றாக ஆறியதும் கிளிங் ஃபிலிமில் இறுக்கிச் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் அலங்கரிப்பதுதான் என் வழக்கம். குளிர்ந்த கேக் வெட்டும்போது உதிராது. முதலில் மெல்லிசாக ஒரு கோட், அரைமணி நேரம் ஃப்ரிட்ஜ், அப்புறம்தான் மேல் பூச்சு. அந்த அரைமணி நேரத்தை மிச்சம் பிடிக்கிறவர்களின் வெள்ளைக் கிரீமில் பழுப்புத் துகள்கள் கலந்து கிடக்கும்.

சாப்பிடக் கூடாத மினுக்குப் பொடி

இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். மற்ற எந்தத் தவறிலும் கேக் வீணாகும், அதோடு முடிந்தது. இதில் பாதிப்பு சாப்பிடுகிறவர்களின் உடம்புக்கு. பெரும்பாலும் சாப்பிடுவதும் குழந்தைகள்தான்.

கேக்கும் கைவினையும் சேர்ந்தே செய்கிறவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். ஒரே மேஜை, ஒரே டிராயர். ஒரு பக்கம் பேப்பர் பூ, ரெசின், வாழ்த்து அட்டை செய்யும் சாமான்கள். இன்னொரு பக்கம் கிரீம் பிழியும் பைப்பிங் நாசிலும் கலர் பாட்டில்களும். சின்னச் சின்ன டப்பாக்களில் தங்கப் பொடி, ரோஸ் கோல்டு பொடி, கிளிட்டர் எல்லாம் கலந்து கிடக்கும். கை பழக்கத்தில் எதையாவது எடுத்துவிடும்.

கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண், உறவினர் வீட்டுக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு இரண்டு அடுக்குக் கேக் செய்து எடுத்து வந்தார். பட்டர்கிரீம் பூச்சு கண்ணாடி மாதிரி வழவழப்பு. மேல் அடுக்கு முழுக்கத் தங்க நிறம். அவ்வளவு அடர்த்தியான தங்கத்தைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. எந்தப் பொடி என்று கேட்டேன், டப்பாவைக் கொடுத்தார். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் டப்பா. மூடியில் நிறத்தின் பெயர். திருப்பினால் அடியில் பொடி எழுத்தில் "நான் டாக்ஸிக்" (நச்சில்லாதது), அதற்குக் கீழே "ஃபார் டெக்கரேஷன் ஒன்லி" (அலங்காரத்துக்கு மட்டும்). உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை. காலாவதித் தேதி இல்லை. விற்றவர், "எல்லாரும் கேக்குக்கு இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்று சொன்னாராம்.

மேலாகச் சுரண்டி எடுத்துவிடலாமா என்று அவர் கேட்டார். முடியாது. பொடி அவ்வளவு நைசு. பிரஷ் பட்ட இடமெல்லாம் கிரீமுக்குள் இழைந்துவிட்டது. கத்தியால் வழிக்க வழிக்கத் தங்கக் கோடு கீழே இறங்கிக்கொண்டேதான் போனது. டர்ன்டேபிளிலும் அவர் நகக்கண்ணிலும் அதே மினுமினுப்பு. கீழ் அடுக்கிலும் உதிர்ந்திருந்ததால் முழுக் கேக்கும் குப்பைக்குத்தான் போனது. விழா மறுநாள். இரவோடு இரவாக உட்கார்ந்து புதிதாக ஒரே அடுக்கில் ஒரு கேக் செய்தோம். தங்கமே இல்லாமல், சாக்லேட் கனாஷ் பளபளப்போடு.

இவ்வளவு பதற வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, நடந்ததையே சொல்கிறேன். 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், இதே போல் ஒரு முதல் பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. கேக்கில் தடிமனாகப் பூசியிருந்த ரோஸ் கோல்டு பொடியில் இருந்தது செம்பு. மறு ஆண்டு மிசௌரியில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதைக் கண்டு தேடிப் போனபோது, பிறந்தநாள் கேக்கில் தூவிய மஞ்சள் பொடியில் ஈயம் இருந்தது தெரியவந்தது. அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் இரண்டையும் சேர்த்தே அறிக்கையாக வெளியிட்டது. செம்பாவது வாந்தியாக உடனே காட்டிக்கொடுக்கும். ஈயம் அப்படிக் காட்டிக்கொள்ளாது. குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தொடும் அதற்கு, பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை.

"நான் டாக்ஸிக்" என்பதைச் சாப்பிடலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொள்வதுதான் பிரச்சினையின் வேர். குழந்தைகளின் கிரேயான் டப்பாவிலும் அதே குறிப்பு உண்டு. ஒரு தவணை தெரியாமல் வாயில் போய்விட்டால் ஆபத்தில்லை என்பது வேறு, கேக்கில் பூசிப் பத்துப் பேருக்குப் பரிமாறுவது வேறு. நான் பார்ப்பது மூன்று விஷயம்: "எடிபிள்" (சாப்பிடத் தக்கது) என்று வெளிப்படையாகப் போட்டிருக்கிறதா, உள்ளே என்னென்ன என்ற முழுப் பட்டியல் இருக்கிறதா, காலாவதித் தேதி இருக்கிறதா. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்த டப்பா கைவினை டிராயருக்குப் போகட்டும். சாப்பிடும் வகையில் சர்க்கரை, அக்கேசியா பிசின், மால்டோடெக்ஸ்ட்ரின், சோள மாவு, உணவு நிறங்கள், மைக்கா சேர்ந்த முத்து நிறமிகள் என்று பெயர் பெயராக இருக்கும். உங்கள் நாட்டு விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். டைட்டானியம் டை ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் உணவிலிருந்து தடை செய்துவிட்டது, மற்ற பல இடங்களில் இன்னும் அனுமதி இருக்கிறது.

தண்ணீரில் போட்டால் கரைகிறதா என்று பார்க்கும் சோதனையைப் பலர் சொல்கிறார்கள். கரையாமல் மிதப்பது பிளாஸ்டிக் கிளிட்டர் என்று ஊகிக்க அது உதவலாம். உலோகப் பொடியை அது காட்டிக்கொடுக்காது, அதனால் அதை நம்பி எதையும் பூசாதீர்கள்.

கோல்டு லீஃபிலும் இதே வலை உண்டு. சாப்பிடும் தங்கத் தாள் 22 முதல் 24 காரட் அசல் தங்கம், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். படச் சட்டத்துக்கும் ரெசினுக்கும் ஒட்டும் இமிட்டேஷன் லீஃப் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை. பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மலிவாக, பெரிய கட்டாகக் கிடைத்தால் அது கேக்குக்கானதில்லை.

கேக்குக்கும் கைவினைக்கும் டிராயரைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். பிரஷ்களையும்தான். கைவினைக்குப் பயன்படுத்திய பிரஷைக் கழுவிவிட்டுக் கேக்குக்கு எடுக்காதீர்கள், மயிரிடுக்கில் பொடி தங்கியிருக்கும்.

நிஜப் பூ

பூ அழகாக இருக்கிறது என்பதற்காகக் கேக்கில் செருகிவிட முடியாது. அரளி, செங்காந்தள், ஹைட்ரேஞ்சியா, லில்லி ஆஃப் தி வேலி எல்லாமே நச்சுள்ளவை. அரளியின் இலை, பூ, தண்டு எல்லாவற்றிலும் இதயத்தைப் பாதிக்கும் நச்சு உண்டு. ரோஜா நச்சில்லாதது, ஆனால் அலங்காரத்துக்காக வளர்த்து விற்கும் ரோஜாவில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். உண்பதற்கென்றே மருந்தடிக்காமல் வளர்த்த பூவைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பட்டர்கிரீமில் பைப் செய்யுங்கள். ஒரு நல்ல ரோஜா பைப் பண்ணக் கற்றுக்கொண்டால் அந்தக் கவலை முழுக்கப் போய்விடும்.

கம்பி, பசை, அட்டை

ஃபாண்டன்ட் (பிசைந்து உருட்டும் சர்க்கரை மாவு) பூவின் கம்பியை நேராகக் கேக்கில் குத்தாதீர்கள். ஃபிளோரல் டேப் சுற்றியிருந்தாலும் அது உணவில் படுவதற்கான பொருள் இல்லை. அடிப்பக்கம் அடைத்த ஸ்ட்ராவைக் கேக்கில் இறக்கி, அதற்குள் கம்பியை விடுங்கள். பூவை எடுக்கும்போது கம்பி முறிந்து உள்ளே தங்காது.

கேக் மேல் குச்சியோடு செருகுவதற்காக வீட்டில் வெட்டி ஒட்டும் டாப்பர்கள் இப்போது நிறைய வருகின்றன, நன்றாகவும் இருக்கின்றன. கிளிட்டர் அட்டையில் செய்தால் மட்டும் கவனம் வேண்டும். வெட்டிய ஓரத்திலிருந்து கிளிட்டர் உதிர்ந்து கிரீமில் ஒட்டிக்கொள்ளும், அதை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. பளபளப்பு வேண்டுமானால் உதிராத மெட்டாலிக் அட்டையை எடுங்கள். குளூ கன் பசை குச்சியின் மேல் பாதியிலேயே நிற்கட்டும், கேக்குக்குள் போகும் பகுதி சுத்தமாக இருக்கட்டும்.

தையல் மணிகளை முத்து என்று கேக்கில் பதிப்பதை விட்டுவிடுங்கள். குழந்தை தொண்டையில் சிக்கும்.

கலர்

கடுஞ்சிவப்பும் கறுப்பும் வரும்வரை ஊற்றிக்கொண்டே போகிறவர்களுக்கு: பட்டர்கிரீமில் நிறம் சில மணி நேரத்தில் தானே அடர்த்தியாகும். ஜெல் கலரை, வேண்டிய நிறத்தைவிடக் கொஞ்சம் வெளிறலாக வரும்படி கலந்து மூடி வையுங்கள். கறுப்புக்குக் கோகோ சேர்த்த கிரீமிலிருந்து ஆரம்பித்தால் பாதிக் கலர் போதும், நாக்கும் கசக்காது. உருக்கிய சாக்லேட்டில் தண்ணீர் அடிப்படையிலான கலர் ஒரு சொட்டு விழுந்தாலே அது திரிந்து மணல் மணலாகிவிடும். அதற்கு எண்ணெய் அடிப்படையிலான கலர்தான்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஃபாண்டன்ட்

வியர்க்கும். துடைக்காதீர்கள். பெட்டியைத் திறக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிட்டால் ஈரம் பெட்டியின் மேல் படியும், கேக் மேல் படியாது.

அடுக்குக் கேக்குக்குத் தாங்கல் இல்லாமல் விடுவது

மேல் அடுக்கின் எடையைக் கீழ்க் கேக் தாங்காது. பஞ்சு போன்ற ஸ்பாஞ்ச் என்றால் ஒரு மணி நேரத்தில் அமுங்க ஆரம்பித்துவிடும், கீழ் அடுக்கின் பக்கவாட்டில் கிரீம் பிதுங்கும். தடித்த ஸ்ட்ராக்களைக் கீழ்க் கேக்கின் உயரத்துக்குச் சரியாக, எல்லாம் ஒரே நீளத்தில் வெட்டி இறக்குங்கள். மேல் அடுக்கு அதற்கென்று ஒரு கேக் போர்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். போர்டு இல்லாமல் ஸ்ட்ரா மட்டும் வைத்தால் அது மேல் கேக்கைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும். ஸ்ட்ராவில் ஒன்று மட்டும் உயரம் கூடினாலும் அடுக்கு சாயும், அதனால் முதலில் வெட்டியதை அளவாக வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டுங்கள்.

வெட்டுகிறவரிடம் சொல்லாமல் விடுவது

கேக்கைச் செய்தது நீங்கள், வெட்டப்போவது வேறொருவர். உள்ளே ஸ்ட்ரா இருப்பதும் பூவுக்கடியில் கம்பி இருப்பதும் அவருக்குத் தெரியாது. பல்குத்தும் குச்சி வைத்தீர்கள் என்றால் அது இன்னும் மோசம், துண்டோடு தட்டுக்கே போய்விடும். அதனால் பல்குத்தும் குச்சியைக் கேக்கில் நான் வைப்பதே இல்லை. மற்றவற்றைப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்: கீழ் அடுக்கில் ஸ்ட்ரா 5, மேலே பூவுக்கு ஸ்ட்ரா 2, டாப்பர் குச்சி 1, எடுத்துவிட்டு வெட்டவும். கையில் கொடுக்கும்போது வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.