பிரித்தானியத் தியரி டெஸ்ட்: ஊரில் ஓட்டிப் பழகியவர்கள் தனியாகப் படிக்க வேண்டியவை

இலங்கை, இந்திய லைசென்ஸோடு பிரித்தானியாவில் குடியேறியவர்கள் முதல் 12 மாதம் கார் ஓட்டலாம். அதற்குப் பிறகு அது இங்கே செல்லாது, இந்நாட்டு லைசென்ஸாக மாற்றியும் தரமாட்டார்கள். புரொவிஷனல் (பழகுநர் லைசென்ஸ்) எடுத்து, தியரியையும் பிராக்டிகலையும் பாஸ் பண்ண வேண்டும். பல வருடம் ஓட்டியவர்களும் தியரியில் தவறுகிறார்கள். கைப்பழக்கம் இந்தப் பரீட்சைக்கு உதவாது. இந்நாட்டு விதியும் அதற்கான காரணமும் தெரிந்திருக்க வேண்டும்.

முதற்பகுதியில் 57 நிமிடத்தில் 50 கேள்விகள், 43 சரியாக வேண்டும். விரும்பினால் 3 நிமிட இடைவேளை எடுக்கலாம். அடுத்தது ஹஸார்ட் பெர்செப்ஷன், அதாவது வீதியில் உருவாகும் ஆபத்தைக் கண்டறியும் பரீட்சை: 14 வீடியோக்கள், 75 புள்ளியில் 44 வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பாஸ் பண்ண வேண்டும். ஒன்றில் தவறினாலும் இரண்டையும் திரும்ப எடுக்க வேண்டும், குறைந்தது 3 வேலை நாள் காத்திருந்து, மறுபடி 23 பவுண் கட்டி. அரசாங்கத்தின் கவ்.யூகே தளத்திலேயே பதியுங்கள். தேடலில் மேலே வரும் வேறு தளங்கள் கூடுதலாகக் காசு வாங்கும்.

முன்பு தமிழில் குரல் கேட்டுப் பரீட்சை எழுத முடிந்தது. 2014 ஏப்ரல் 7 முதல் அந்த வசதி இல்லை. ஆங்கிலம் அல்லது வெல்ஷ் மட்டுமே. வாசிக்கச் சிரமப்படுபவர்கள் பதியும்போதே கேட்டால் ஹெட்போனில் கேள்வியை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுவார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

படிப்பை ஹைவே கோட் எனும் வீதி விதிகள் புத்தகத்தில் தொடங்குங்கள். பயிற்சிக் கேள்விகள் பிறகுதான். பரீட்சை மையத்தில் வரும் கேள்விகள் ஆப்களில் இருப்பவை அல்ல; அதே விஷயத்தை வேறு விதமாகக் கேட்பார்கள். விடையை மனப்பாடம் செய்தவர் அங்கேதான் தடுமாறுகிறார். பிழைவிட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் உரிய விதியைத் தேடி வாசியுங்கள். மாதிரிப் பரீட்சைகளில் தொடர்ந்து 47க்கு மேல் வந்த பிறகு திகதி எடுப்பது நல்லது. பழைய பதிப்புப் புத்தகம் வேண்டாம். 2022 ஜனவரி 29இல் முக்கியமான விதிகள் மாறின: நீங்கள் திரும்பும் வீதியைக் கடக்கக் காத்து நிற்கும் பாதசாரிக்கும் வழிவிட வேண்டும், 30 மைல் வேகம் வரை சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும்.

வேகம் இங்கே மணிக்கு மைல் கணக்கு, தூரமோ பெரும்பாலும் மீட்டரில் கேட்கப்படும். 30 மைல் என்பது ஏறத்தாழ 48 கிலோமீட்டர். வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு போட்ட பலகையைப் பார்த்து, இனி வேகத்துக்கு வரம்பில்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது தேசிய வேக வரம்பைக் குறிப்பது: காருக்கு, நடுவில் தடுப்பில்லாத வீதியில் 60, தடுப்புள்ள இரட்டை வீதியில் 70.

நிறுத்தும் தூரத்தை வெறும் பட்டியலாகப் படித்தால் மறந்துவிடும். அதில் இரண்டு பங்குண்டு. யோசிக்கும் தூரம் ஒவ்வொரு 10 மைலுக்கும் 3 மீட்டர் கூடும்: 20இல் 6, 30இல் 9, 70இல் 21. பிரேக் தூரம் வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும்: 20இல் 6, 40இல் 24. இரண்டையும் கூட்டினால் 20இல் 12, 30இல் 23, 40இல் 36, 50இல் 53, 60இல் 73, 70இல் 96 மீட்டர். முன்னால் போகும் வாகனத்துக்கும் உங்களுக்கும் இரண்டு செக்கன் இடைவெளி. ஈர வீதியில் அதன் இரண்டு மடங்கு, பனிக்கட்டியில் பத்து மடங்கு வரை.

விளக்குள்ள பாதசாரிக் கடவைகளும் குழப்பும்: பெலிகன், பஃபின், டூக்கன் என்று பல வகை. பெலிகனில் மஞ்சள் விளக்கு மின்னும். கடவையில் ஆள் இருந்தால் வழிவிட வேண்டும், இல்லாவிட்டால் போகலாம். பஃபினில் மின்னும் மஞ்சள் கிடையாது, கடப்பவரை சென்சார் கவனிக்கிறது. டூக்கனில் சைக்கிளை ஓட்டியபடியே கடக்கலாம். மோட்டர்வேயில் பதித்திருக்கும் ஒளிக்கற்களின் நிறங்களும் அடிக்கடி வரும்: இடது ஓரத்தில் சிவப்பு, லேன்களுக்கு நடுவே வெள்ளை, வலப்பக்க நடுத்தடுப்போரம் அம்பர் (மஞ்சள்), மோட்டர்வேயில் ஏறி இறங்கும் ஸ்லிப் ரோட்டின் வாயில் பச்சை.

முதற்பகுதியின் 50 கேள்விகளில் மூன்று ஒரு சிறு மௌன வீடியோவை வைத்து வரும். அதை எத்தனை தடவையும் பார்க்கலாம். முதலில் கேள்வியை வாசித்துவிட்டு வீடியோவைப் பார்த்தால் நேரம் மிச்சம்.

இனி ஹஸார்ட் பெர்செப்ஷன். வீடியோவில் ஆபத்து உருவாவதைக் கண்டதும் மவுஸை அழுத்த வேண்டும். அனுபவசாலிகள் தவறுவது பெரும்பாலும் இதில்தான், அதுவும் முந்திக்கொள்வதால். உதாரணமாக, இடது ஓரத்தில் ஒரு கார் நிற்கிறது. அது வரக்கூடிய ஆபத்து மட்டும், புள்ளி இல்லை. அதன் வலது சிக்னல் விழுந்து முன்சக்கரம் திரும்பத் தொடங்கும்போதுதான் அது உருவாகும் ஆபத்து, அதாவது நீங்கள் வேகத்தையோ திசையையோ மாற்றவேண்டிய நிலை. புள்ளி தரும் நேரம் அங்கே 5இல் தொடங்கி, தாமதிக்கத் தாமதிக்க 1 வரை இறங்கும். பழகிய கண் கார் நிற்கும்போதே சந்தேகப்பட்டு அழுத்திவிடுகிறது, அந்தக் கிளிக் நேரம் தொடங்குமுன் விழுந்து வீணாகிறது. ஆகவே சந்தேகம் வந்ததும் ஒன்று, அது அசையத் தொடங்கியதும் இன்னொன்று என்று அழுத்துங்கள். அதற்காக விடாமல் அல்லது ஒரே தாளத்தில் தட்டினால் அந்த வீடியோவுக்கே பூச்சியம். ஒரு வீடியோவில் மட்டும் இரண்டு ஆபத்துகள் உண்டு. எது என்று சொல்லமாட்டார்கள், அதனால் முதலாவதைக் கண்டபின்னும் கடைசிவரை பாருங்கள். 15 ஆபத்திலும் மும்மூன்று புள்ளி எடுத்தால் 45, பாஸ். ஐந்தைத் துரத்தி அவசரப்பட வேண்டாம். போன் திரையில் அல்லாமல் கணினியில் மவுஸ் பிடித்துப் பழகுவதே மேல், மையத்திலும் மவுஸ்தான்.

அன்றைக்குப் புரொவிஷனல் அட்டை கையில் இருக்க வேண்டும். மறந்தால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய காசும் திரும்பாது. போன், கைக்கடிகாரம், பை எல்லாம் லொக்கருக்குள் போகும். முடிவை அங்கேயே தருவார்கள். அதிலுள்ள பாஸ் இலக்கம் பிராக்டிகலுக்குப் பதியத் தேவை, பத்திரப்படுத்துங்கள். தியரி பாஸ் 2 வருடத்துக்குத்தான் செல்லும், நீட்டித்துத் தரமாட்டார்கள். பிராக்டிகல் திகதி கிடைக்க மாதக்கணக்கில் ஆவதுண்டு என்பதால், தியரி பாஸ் ஆனதும் ஓட்டப் பழக்குபவரோடு பேசித் திகதி பார்க்கத் தொடங்குங்கள்.