60 ஜிபி கல்யாண வீடியோவை மார்த்தாண்டத்திலிருந்து குவைத்துக்கு அனுப்புவது எப்படி: பியர்-டு-பியர் நெட்வொர்க்குகள், ஒரு ஒப்பீடு

கல்யாண வீடியோவோ கோவில் கொடையோ பங்குத் திருவிழாவோ, குமரி மாவட்டத்தில் எதைப் படம்பிடித்தாலும் அதை ஆசையாகப் பார்க்கக் காத்திருக்கிறவர்களில் நிறைய பேர் குவைத்திலும் துபாயிலும் மஸ்கட்டிலும்தான் இருக்கிறார்கள். ஸ்டூடியோக்காரர் ஹார்ட் டிஸ்கில் போட்டுத் தருவது 60 ஜிபி இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் 2 ஜிபிக்கு மேல் போகாது, டெலிகிராமில் காசு கட்டாத கணக்குக்கும் அதே 2 ஜிபிதான், கூகுள் டிரைவ் சும்மா தருவது 15 ஜிபி, அதிலும் ஜிமெயிலும் போட்டோக்களும் ஏற்கனவே இடம் பிடித்து வைத்திருக்கும். அப்புறம் என்ன, லீவுக்கு வந்துவிட்டுப் போகிற யாராவது கையில் பென்டிரைவ் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம்.

நடுவில் எந்தக் கம்பெனியின் சர்வரும் இல்லாமல் உங்கள் கணினியிலிருந்து அவர்கள் கணினிக்கு நேராக அனுப்ப முடியும், அதற்குப் பெயர்தான் பியர்-டு-பியர். இந்த வகையில் பேர்போன டோரன்ட் என்றாலே திருட்டுப் படம் என்று ஒரு பேர் வந்துவிட்டதால் பலரும் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. எனக்கு அது பெரிய நஷ்டமாகப் படுகிறது.

எந்த பியர்-டு-பியர் நெட்வொர்க்காக இருந்தாலும் மூன்று விஷயம் பாருங்கள். யாரிடம் எந்த ஃபைல் இருக்கிறது என்ற தகவல் எங்கே இருக்கிறது? ஒரே நேரத்தில் எத்தனை பேரிடமிருந்து வாங்கலாம்? வந்தது ஒரிஜினல்தானா என்று எப்படிச் சோதிக்கிறது? நான்காவதாக ஒன்றும் இருக்கிறது, நம்ம பக்கத்து இணைப்புகளில் அதுதான் பெரிய தலைவலி. அதைக் கடைசிப் பக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் பழையவை. 1999-ல் ஷான் ஃபானிங் கொண்டுவந்த நாப்ஸ்டரில் பாட்டு ஆளுக்கு ஆள் நேராகத்தான் போகும், ஆனால் யாரிடம் எது இருக்கிறது என்ற பட்டியல் மொத்தமும் கம்பெனியின் சர்வரில். தேடினால் சட்டென்று கிடைக்கும். 2001-ல் கோர்ட் உத்தரவு வந்தது, சர்வரை நிறுத்தினார்கள், மொத்த நெட்வொர்க்கும் அன்றோடு படுத்தது. 2000-ல் வந்த நூடெல்லா அதற்கு நேர் எதிர், பட்டியலே கிடையாது. நீங்கள் தேடும் பெயரை உங்களோடு இணைந்திருக்கும் கணினிகளிடம் கேட்கும், அவை தங்களோடு இணைந்தவற்றிடம் கேட்கும், இப்படி ஏழு கை மாறியதும் கேள்வி நின்றுவிடும். யாரும் மூட முடியாது என்பது சரி, ஆனால் ஆள் கூடக் கூடக் கேள்விகளே லைனை அடைத்துக்கொண்டன. கசா நடுவழியில் போனது. வேகமான கணினிகளைத் தானே பொறுக்கி எடுத்துச் 'சூப்பர் நோடு' ஆக்கி அவற்றிடம் பட்டியலைக் கொடுத்தது. தேடல் பிரமாதமாக இருந்தது, சோதனைதான் சொத்தை. ஃபைலை முழுசாகச் சரிபார்க்காமல் அங்கங்கே ஒரு துண்டை மட்டும் பார்த்து 'அதே ஃபைல்தான்' என்று முடிவு கட்டியதால், நடுவில் குப்பையைக் கலந்துவிடுவது சுலபமாகிவிட்டது. மூன்றாவது கேள்வியை ஏன் சும்மா விடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இன்றைக்கும் ஓடிக்கொண்டிருப்பவற்றில் இமியூல் 2002-ல் வந்தது. இது பெயரைப் பார்ப்பதில்லை, உள்ளடக்கத்தின் ஹேஷைப் பார்க்கிறது, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும், கைரேகை மாதிரியான ஒரு எண். அதனால் உங்களிடம் ஒரு பெயரிலும் என்னிடம் வேறு பெயரிலும் ஒரே ஃபைல் இருந்தால் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். சுமார் 9.28 எம்பி துண்டுகளாகப் பிரித்துத் துண்டு துண்டாகச் சோதிக்கும். குறை என்னவென்றால் வரிசை: உங்கள் முறை வர மணிக்கணக்கில், சிலசமயம் நாள்கணக்கில் ஆகும். வேறெங்கும் கிடைக்காத பழைய ஃபைலுக்குக் காத்திருக்கலாம், கல்யாண வீடியோவுக்கு வேண்டாம். சோல்சீக்கில் ஒரு மைய சர்வர் உண்டு, ஒரு ஃபைலை ஒரு ஆளிடமிருந்துதான் இறக்க முடியும், அந்த ஆள் கணினியை அணைத்தால் நீங்களும் நிற்க வேண்டியதுதான். ஆனால் அவர் பகிர்ந்திருக்கும் ஃபோல்டர்களை முழுசாக மேயலாம், அபூர்வ இசை தேடுகிறவர்கள் இதை விடாமல் பிடித்திருப்பது அதனால்தான். டிசி++ என்பது 'ஹப்' வைத்து நடப்பது, உள்ளே வர வேண்டுமானால் இத்தனை ஜிபி பகிர்ந்தே ஆக வேண்டும் என்று ஹப் நடத்துகிறவர் கண்டிஷன் போடுவார். இந்தியாவில் காலேஜ் ஹாஸ்டல் லேன்களில் இது கொடிகட்டிப் பறந்தது. இன்டர்நெட் மெதுவாக இருந்தாலும் உள்ளூர் வயர் வேகமாக இருக்கும் இடத்துக்கு இன்றைக்கும் தோதானதுதான்.

ஐபிஎஃப்எஸ் என்ற இன்னொரு பியர்-டு-பியர் நெட்வொர்க் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: உள்ளடக்கத்தின் ஹேஷே முகவரி, யாராவது ஒருவர் 'பின்' செய்து (தன்னிடம் அழியாமல்) வைத்திருக்கும்வரைதான் அது கிடைக்கும், வீட்டு வீடியோவுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

சரி, பிட்டோரன்ட்.

பிராம் கோஹன் 2001-ல் எழுதியது. இதற்குள் தேடல் என்ற ஒன்றே கிடையாது, எந்த ஃபைல் வேண்டும் என்பதை நீங்களே ஒரு டோரன்ட் ஃபைலாகவோ (வீடியோவின் அடையாளம் மட்டும் அடங்கிய குட்டி ஃபைல்) மேக்னட் லிங்க்காகவோ (அதே அடையாளம் ஒரு லிங்க்காக) கொண்டுவர வேண்டும். வீடியோ ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரியும், 60 ஜிபியை 16 எம்பி துண்டாகப் போட்டால் 3,500-க்கு மேல் வரும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹேஷ் இருப்பதால், வந்து சேர்ந்த துண்டில் ஒரு பிட் மாறியிருந்தாலும் அதை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கேட்கும். இறக்கும்போது முதல் துண்டிலிருந்து வரிசையாகப் போகாமல், அந்தக் கூட்டத்தில் யாரிடமும் அதிகம் இல்லாத துண்டை முதலில் எடுக்கும். அதனால்தான் பாதியில் நீங்கள் கரன்ட் போய் நின்றுவிட்டாலும் மற்றவர்கள் கையில் வேறு வேறு துண்டுகள் சேர்ந்திருக்கும், அவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

யாருக்கு அனுப்புவது என்று முடிவு செய்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கரமடி வலை இழுக்க வந்தவனுக்குத்தான் மீனில் பங்கு என்பது போல, உங்களுக்கு யார் அதிக வேகத்தில் துண்டு தருகிறார்களோ அவர்களுக்குத்தான் நீங்களும் தருவீர்கள். 10 விநாடிக்கு ஒருமுறை இந்தக் கணக்கைத் திரும்பப் போடும். ஆனால் கையில் ஒன்றுமே இல்லாமல் புதிதாக வந்தவன் என்ன செய்வான்? அவனுக்காக ஓர் இடத்தை ஒதுக்கி, 30 விநாடிக்கு ஒருமுறை யாரோ ஒருவருக்கு எதையும் எதிர்பாராமல் தந்து பார்க்கும். இந்தச் சின்ன ஏற்பாடு இல்லையென்றால் புது ஆள் யாரும் உள்ளேயே வர முடியாது.

இதனால் நமக்கு என்ன லாபம்? உங்கள் ஏற்ற வேகம் (அப்லோடு) 40 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். அது பிட் கணக்கு, எட்டால் வகுத்தால் விநாடிக்கு 5 எம்பி. 60 ஜிபி ஒருமுறை வெளியே போக 3 மணி 20 நிமிடம். ஐந்து சொந்தக்காரர்களுக்குத் தனித்தனியாக அனுப்பினால் 16 மணி 40 நிமிடம். டோரன்ட்டில் நீங்கள் ஏறக்குறைய ஒரு முழுப் பிரதியை வெளியே தள்ளினால் போதும், மீதியை அவர்களே பரிமாறிக்கொள்வார்கள். அவர்கள் இணைப்பும் நன்றாக இருந்தால் நாலு மணி நேரத்துக்குள் ஐந்து பேருக்கும் கிடைத்துவிட வாய்ப்புண்டு. ஒரே ஒருவருக்கு அனுப்புவதாக இருந்தால் இந்த லாபம் இல்லை, அதற்கு சிங்க்திங் என்ற மென்பொருள் போதும்: இரண்டு கணினியிலும் போட்டு, அடையாள எண்ணை மாற்றிக்கொண்டு, ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தால் வேலை முடிந்தது.

செய்முறை

முதலில் 7-ஜிப் என்ற மென்பொருளில் பாஸ்வேர்டு போட்டு ஒரே ஃபைலாகக் கட்டுங்கள். சுருக்கும் அளவை 'ஸ்டோர்' என்று வையுங்கள், வீடியோ ஏற்கனவே சுருங்கியது, மேலும் சுருக்கப் பார்த்தால் நேரம்தான் போகும். ஃபைல் பெயர்களையும் மறைக்கும் ஆப்ஷனை டிக் செய்யுங்கள். பாஸ்வேர்டு எதற்கு என்றால், டிராக்கர் (யாரிடம் இருக்கிறது என்று சொல்லும் சர்வர்) இல்லாத டோரன்ட்டை ஆட்கள் கண்டுபிடிப்பது டிஹெச்டி வழியாக, அதாவது கணினிகளே தங்களுக்குள் பிரித்து வைத்துக்கொள்ளும் ஒரு பட்டியல் வழியாக. அதில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு 160 பிட் எண், உங்கள் டோரன்ட்டின் ஹேஷும் அதே நீள எண், அந்த எண்ணுக்கு மிக நெருங்கிய எண் உள்ள கணினிகள் 'இது இன்னாரிடம் இருக்கிறது' என்று குறித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கேள்விக்கும் தூரம் பாதியாகக் குறைவதால் பத்து லட்சம் கணினிகளுக்கு நடுவிலும் இருபது கேள்விக்குள் ஆளைப் பிடித்துவிடலாம். அழகான ஏற்பாடு, ஆனால் பொதுவானது. எந்தெந்த டோரன்ட் ஓடுகிறது என்று டிஹெச்டியை மேய்ந்து பட்டியல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டுப் பெண்களின் வீடியோ யாரோ ஒருவர் கையில் கிடைக்கக் கூடாதில்லையா.

அடுத்து கியூபிட்டோரன்ட் என்ற டோரன்ட் மென்பொருளை நிறுவி, டூல்ஸ் மெனுவில் டோரன்ட் உருவாக்கும் இடத்துக்குப் போய் அந்த ஃபைலைக் காட்டுங்கள். 'பிரைவேட்' என்பதை டிக் செய்யாதீர்கள். பெயரைப் பார்த்துப் பாதுகாப்பு என்று நினைத்து அதை டிக் செய்தால் டிஹெச்டி அணைந்துவிடும், டிராக்கரும் இல்லாததால் யாரும் யாரையும் கண்டுபிடிக்க மாட்டார்கள். உடனே சீட் செய்ய, அதாவது மற்றவர்களுக்கு அனுப்பத் தொடங்கும் ஆப்ஷனை டிக் செய்து உருவாக்குங்கள். 60 ஜிபிக்கும் ஹேஷ் போட வேண்டும், ஒரு சாயா குடித்துவிட்டு வரலாம். பிறகு வலது கிளிக்கில் மேக்னட் லிங்க்கை எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள், பாஸ்வேர்டை அதே குரூப்பில் போடாமல் போனில் சொல்லுங்கள். ஏற்ற வேகத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள், உங்கள் முழு ஏற்றத்தில் 80 சதவீதம் சரியாக இருக்கும். இல்லாவிட்டால் வீட்டில் ஒருவரும் யூடியூப் பார்க்க முடியாது, ஏச்சு உங்களுக்குத்தான்.

அந்த நான்காவது விஷயம்

வெளியிலிருந்து ஒருவர் உங்கள் கணினியை எட்ட முடியுமா? ரவுட்டர் பக்கத்தைத் திறந்து வேன் ஐபியை (WAN IP, ரவுட்டருக்கு இணையப் பக்கத்தில் இருக்கும் முகவரி) பாருங்கள். அது 10-ல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரையில் இருந்தாலோ நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன, ரவுட்டரில் போர்ட் திறப்பதெல்லாம் (வெளியாட்கள் உள்ளே வர வாசல் விடுவது) பலிக்காது. வெளியே நீங்கள் போகலாம், உங்களைத் தேடி யாரும் வர முடியாது. அந்தப் பக்கம் குவைத்திலும் இதே நிலை என்றால் இரண்டு பேரும் காத்துக்கொண்டே இருப்பீர்கள். கியூபிட்டோரன்ட்டின் கீழ்ப்பட்டையில் இணைப்புக் குறி பச்சையானால் வெளியிலிருந்து யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். மஞ்சளிலேயே நின்றால் சந்தேகப்படுங்கள்.

வழிகள் உண்டு. இரண்டு பக்கமும் ஐபிவி6 (முகவரியைப் பங்கிட வேண்டியிராத புது முகவரி முறை) இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும், ரவுட்டரின் ஃபயர்வாலில் மட்டும் அந்த போர்ட்டை அனுமதிக்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் கேபிள்காரரிடம் பொது ஐபி கேளுங்கள், மாதம் கொஞ்சம் கூடுதல் காசு ஆகலாம். அதோடு, 'நூறு' என்று சொல்லி விற்ற இணைப்பு ஏற்றத்திலும் நூறுதானா என்றும் கேட்டுவிடுங்கள், இந்த வேலையில் இறக்க வேகம் எவ்வளவு என்பது உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. சொந்தக்காரர்களில் ஒரே ஒருவருக்காவது திறந்த போர்ட் இருந்தால்கூடப் போதும், மற்ற எல்லாரும் அவரோடு இணைந்துகொள்ளலாம். சிங்க்திங் நேராக இணைய முடியாதபோது தானாகவே நடுவில் ஒரு ரிலே சர்வரைப் பிடித்துக்கொள்ளும், போய்ச் சேரும், ஆனால் ஆமை வேகம்.

பக்கத்து அறையில் இருப்பவருக்கு அனுப்ப இது எதுவும் வேண்டாம். ஷேர்இட், செண்டர் இரண்டும் 2020 ஜூனில் தடை செய்யப்பட்ட 59 செயலிகளில் போய்விட்டன. அந்த இடத்துக்கு லோக்கல்சென்ட் இருக்கிறது, ஒரே வைஃபையில் இருந்தால் போன், லேப்டாப் எல்லாவற்றுக்கும் ஓடும், டேட்டா ஒரு துளி செலவாகாது.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உபுண்டு, டெபியன், லிப்ரேஆபிஸ் போன்ற இலவச மென்பொருள்கள் எல்லாம் தாங்களே டோரன்ட் தருகின்றன, தொழில்நுட்பத்தில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் புதுப் படத்தை டோரன்ட்டில் இறக்கும்போது நீங்கள் பார்ப்பவர் மட்டுமல்ல, இறக்கிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கிறீர்கள், உங்கள் ஐபி அந்தக் கூட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கிறது.

கடைசியாகக் கரன்ட். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஜூனிலும் போகும், ஐப்பசியிலும் போகும். பாதியில் நின்றால் டோரன்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும், சந்தேகம் வந்தால் வலது கிளிக்கில் 'ஃபோர்ஸ் ரீசெக்' கொடுங்கள், கெட்ட துண்டை மட்டும் திரும்ப வாங்கும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கிப் போடுங்கள். அப்புறம், இணைந்திருப்பவர்களைக் காட்டும் பியர் பட்டியலில் 98, 99 சதவீதம் என்று ஏறிக்கொண்டிருந்த மாமா திடீரென்று காணாமல் போனால் பதறாதீர்கள். இரண்டு பேரிடமும் முழுசாக இருந்தால் பேசிக்கொள்ள ஒன்றுமில்லை என்று மென்பொருளே இணைப்பைத் துண்டித்துவிடும். இருந்தாலும் கணினியை அணைக்கும் முன் அவருக்கு ஒரு போன் போட்டு, ஜிப்பைப் பிரித்துப் படம் ஓடுகிறதா, பாஸ்வேர்டு சரியாக இருந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு முடியும்வரை அவருடையதையும் அணைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.