ஃபோம் கவசம்: பெயின்ட் அடிப்பதற்கு முன்பு தவிர்க்க வேண்டிய தவறுகள்

காஸ்ப்ளேக்காக, அதாவது சினிமா, காமிக்ஸ் பாத்திரங்களைப் போல வேடம் போடுவதற்காக, ஈவா ஃபோமில் (ரப்பர் போல மெத்தென்று வளையும் ஷீட்) கவசம் செய்பவர்கள் பலர் வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் அவ்வளவு பொறுமை காட்டுகிறார்கள். வடிவம் வந்ததும் அவசரமாகப் பெயின்டை எடுத்துவிடுகிறார்கள். நிகழ்ச்சியில் நாலு முறை உட்கார்ந்து எழுந்தால் இடுப்புப் பக்கம் பெயின்ட் வெடிக்கிறது, தோள்கவசம் தொங்கிப்போகிறது. பழி பெயின்ட் மேல் விழும். கோளாறு பெரும்பாலும் அதற்கு முந்தைய வேலையில்தான் இருக்கும்.

பெரிய குழப்பம் ஒன்று உண்டு. மேற்பரப்பை அடைப்பதையும் கவசத்துக்குப் பலம் சேர்ப்பதையும் ஒரே வேலையாக நினைப்பது. ஃபெவிகாலை எத்தனை கோட் பூசினாலும் 5 மி.மீ. ஃபோமில் செய்த மார்புக்கவசம் தானாக விறைப்பாக நிற்காது. ஃபோம் பெயின்டை உறிஞ்சாமல் தடுப்பதுதான் அந்தப் பூச்சின் வேலை. பலம் உள்ளிருந்து வர வேண்டும். தட்டையான ஃபோமை அப்படியே இழுத்துப் பிடித்து ஒட்டினால் அது மறுபடி நிமிரத்தான் பார்க்கும், மூட்டு வாய் பிளக்கும். ஹீட் கன்னில் (சூடான காற்றை ஊதும் கருவி) சூடாக்கி, வளைத்து, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். பிறகு உள்பக்கம் இன்னொரு மெல்லிய ஃபோம் அடுக்கை, வளைந்த நிலையிலேயே வைத்து ஒட்டினால் இரண்டும் சேர்ந்து அந்த வளைவை விடாமல் பிடித்துக்கொள்ளும். பெரிய தோள்கவசம் என்றால் விளிம்போரமாக உள்ளே அலுமினியக் கம்பி வைக்கலாம்.

எல்லா இடத்தையும் கல்லாக்க வேண்டும் என்பதும் தவறுதான். கெட்டியாக இருக்கட்டும் என்று கவசம் முழுக்க ரெசின் (பூசியபின் பிளாஸ்டிக் போல இறுகும் திரவம்) பூசுகிறவர்கள் உண்டு. தலைக்கவசத்துக்கு அது ஒத்துவரலாம். இடுப்பு, முழங்கை, அக்குள் ஓரம் போன்ற மடங்குகிற இடங்களில் ரெசின் விரிசல் விடும், மேலே இருக்கும் பெயின்டையும் கூட்டிக்கொண்டு உரியும். அங்கெல்லாம் ரப்பர் போல வளைந்து கொடுக்கிற பூச்சுதான் வேண்டும். பிளாஸ்டி டிப் என்ற ரப்பர் பூச்சு அதற்குத்தான் பேர்போனது. அலங்காரத்துக்குத் தெர்மாகோல் சேர்த்திருந்தால் இன்னும் கவனம்: பாலியெஸ்டர் ரெசினும் சாதாரண ஸ்ப்ரே பெயின்டும் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

பூச்சுக்கு முன்னால் சூடு காட்டுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருந்தால், மங்கலாக இருந்த ஃபோம் லேசாகப் பளபளக்கத் தொடங்கும். துளைகள் மூடிக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். அங்கேயே நின்றால் மேல்தோல் சுருங்கிக் கொப்புளம் கட்டும், அதைச் சரிசெய்வது பெரிய பாடு. தேய்த்த இடங்களிலும் வெட்டிய விளிம்புகளிலும் துளைகள் திறந்துகிடக்கும், அவற்றுக்கு இரண்டாவது முறையும் காட்டுங்கள். இதையெல்லாம் ஒட்டுவதற்கு முன்பே முடிப்பது நல்லது. ஃபோமை ஒட்டப் பயன்படும் கான்டாக்ட் சிமென்ட் என்ற பசை சூட்டில் இளகும், ஒட்டிய மூட்டின் மேல் ஹீட் கன்னை வைத்தால் அது பிரிந்து வரும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

ஒட்டும்போதும் அவசரம் கூடாது. கான்டாக்ட் சிமென்டை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே சேர்க்க வேண்டும். ஈரத்தோடு சேர்த்தால் பிடிப்பு பாதிதான். குச்சியை உருக்கி ஒட்டும் ஹாட் குளூவை நம்பாதீர்கள், வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகிவிடும். வார்களையும் பக்கிள்களையும் பெயின்டுக்கு முன்பே பொருத்திவிடுங்கள். பெயின்ட் மேல் ஒட்டிய வார், இழுக்கும்போது பெயின்டோடு கழன்று வரும்.

ஃபெவிகால் பூசுவதானால் கொஞ்சம் தண்ணீர் கலந்து மெல்லிய கோட்டாக அடியுங்கள். கெட்டியாக அப்பினால் மேலே தோல் கட்டிவிடும், உள்ளே ஈரம் நிற்கும், பிரஷ் தடம் பெயின்டிலும் தெரியும். பால் வெள்ளை போய்க் கண்ணாடி போல ஆன பிறகே அடுத்த கோட். சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் இதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், ஃபேன் போட்டுக் காத்திருங்கள். வியர்வை பட்டால் ஃபெவிகால் மறுபடி இளகக்கூடும் என்பதால் உடம்பில் படும் உள்பக்கத்தில் அதைப் பூச வேண்டாம்.

வெட்டி மிஞ்சிய ஒரு ஃபோம் துண்டைத் தூக்கிப் போடாமல், கவசத்துக்குச் செய்த அதே சூடு, அதே பூச்சு, அதே பெயின்டை அதற்கும் செய்து ஒரு நாள் விட்டு மடக்கிப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் பூச்சைக் குறையுங்கள், அல்லது வளைகிற வகைக்கு மாறுங்கள். கவசத்தில் பெயின்ட் ஏறுவதற்கு முன்பு இதை மாற்றுவது சுலபம்.