பரணில் கிடந்த டெக்கை மறுபடி ஓடவைப்பது எப்படி?

பரணிலிருந்து பழைய வீடியோ கேசட் டெக்கை இறக்கியதும் நம்மில் பலர் முதலில் செய்வது, கல்யாண கேசட்டை உள்ளே தள்ளி பிளேயை அமுக்குவதுதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். டெக் போனால் இன்னொன்று தேடிப் பிடிக்கலாம். தாத்தா பந்தலில் நடந்துவரும் அந்தக் காட்சிக்கு வேறு பிரதி இருக்காது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம்தான் கடைசிவரை வி.எச்.எஸ். (வீடுகளில் இருந்த பெரிய வீடியோ கேசட் வகை) டெக் தயாரித்துவந்தது. அதுவும் 2016-இல் நிறுத்திவிட்டது. எனவே எல்லாச் சோதனைகளையும், போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய சினிமா கேசட்டில்தான் செய்ய வேண்டும்.

1. டெக்கைத் தொடும் முன் கேசட்டைப் பாருங்கள்

கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியே டேப் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாக, பளபளவென்று இருந்தால் நல்லது. வெள்ளையாகப் பொடி பூத்தது போலவோ திட்டுத் திட்டாகவோ தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில், அதுவும் கடலோர ஊர்களில், இது சர்வசாதாரணம். அந்தக் கேசட்டை ஓட்டவே கூடாது. பூஞ்சை, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியாக ஒரு கவரில் போட்டு வைத்து, கேசட் சுத்தம் செய்து டிஜிட்டலாக மாற்றித் தருகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

2. டிவியில் படம் வருகிறதா?

மஞ்சள் வயர் படத்துக்கு. வெள்ளை, சிவப்பு சத்தத்துக்கு. டெக்கின் அவுட் துளையிலிருந்து டிவியின் ஏவி இன் துளைக்குப் போக வேண்டும். பல புது டிவிகளில் மஞ்சள் துளையே இல்லை. அப்போது ஏவியை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று வாங்க வேண்டியிருக்கும். திரை வெறும் நீலமாக இருந்தால் டெக் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். சிக்னல் பலவீனமாக இருந்தாலும் சில டிவிகள் படத்தை மறைத்து நீலத்தைக் காட்டும்.

3. படம் புள்ளி புள்ளியாக, சத்தம் மட்டும் தெளிவாக

நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். வி.எச்.எஸ்.-இல் படத்தைப் படிப்பது சுழலும் டிரம்மில் உள்ள ஹெட். சாதாரண சத்தத்தைப் படிப்பது அசையாமல் நிற்கிற வேறொரு ஹெட். ஆகவே சத்தம் நன்றாக வந்து படம் மட்டும் போனால், பெரும்பாலும் டிரம் ஹெட்டில் அழுக்கு.

கோடுகள் மட்டும் மேலும் கீழும் நகர்ந்தால் முதலில், ஹெட்டை டேப்பின் பதிவோடு பொருத்தும் டிராக்கிங் பட்டனை மெதுவாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் சுத்தம் செய்ய வேண்டியதுதான்.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மேல்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். கரண்ட் வயர் வந்து சேரும் பவர் சப்ளை பகுதியில் கை வைக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். நடுவில் சற்றுச் சாய்ந்து நிற்கும் பளபளப்பான உருளைதான் டிரம். ஓடும்போது நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். அதன் விளிம்பில் துளியளவு துருத்திக்கொண்டிருப்பது ஹெட்.

நார் உதிராத மெல்லிய மான்தோல் துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்துக்கொள்ளுங்கள். செல்போன் ரிப்பேர் கடைக்காரர்கள் பயன்படுத்துவது இதுதான்; சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். துணியை டிரம் பக்கவாட்டில் லேசாக வைத்து, அசைக்காமல் பிடியுங்கள். மறு கையால் டிரம்மின் மேல்பகுதியைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும், அத்தோடு டெக்கே போச்சு. காது குடையும் பஞ்சுக் குச்சியும் வேண்டாம். பஞ்சு நார் ஹெட்டில் மாட்டிக்கொள்ளும். முழுக்கக் காய்ந்த பிறகு மூடியைப் போட்டு ஓட்டுங்கள். மூடி திறந்திருக்கும்போது பலத்த வெளிச்சம் பட்டால், டேப் முடிந்ததைக் கண்டறியும் சென்சார் குழம்பி டெக் தானாக நின்றுவிடும்.

4. டெக் டேப்பைத் தின்கிறதா?

சோதனைக் கேசட்டைச் சிறிது நேரம் ஓட்டி, நிறுத்தி, வெளியே எடுத்துப் பாருங்கள். டேப் தொங்கிக்கொண்டு வந்தால், ஓடிய டேப்பைச் சுருட்ட வேண்டிய சக்கரம் சரியாகச் சுற்றவில்லை என்று அர்த்தம். அதைச் சுழற்றும் ரப்பர் வளையமோ பெல்ட்டோ இறுகி வழுக்கும். மாற்றினால்தான் தீரும்.

கேசட் உள்ளேயே சிக்கிவிட்டால் இழுக்காதீர்கள். மறுபடி பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, கேசட்டை ஏற்றி இறக்கும் மோட்டாரின் சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். டேப் டிரம்மை விட்டு விலகும் திசையில் பொறுமையாகச் சுற்றி, தொங்கும் டேப்பைக் கேசட்டுக்குள் சுருட்டிக்கொண்டே வந்தால் கேசட் மேலே வந்துவிடும். அவசரப்பட்டால் டேப் கசங்கும். கசங்கிய இடத்தில் படம் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

சத்தம் அலைபாய்ந்தால் டேப்பை அழுத்தி நகர்த்தும் கறுப்பு ரப்பர் உருளையைச் சோப்புத் தண்ணீர் தொட்ட ஈரத்துணியால் துடையுங்கள். ரப்பருக்கு ஆல்கஹால் ஆகாது.

5. வெளிநாட்டுக் கேசட்டா?

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் எல்லாம் பால் (PAL) என்கிற வீடியோ முறை. கனடா, அமெரிக்காவிலிருந்து வந்த கேசட் என்டிஎஸ்சி (NTSC) என்கிற வேறு முறையில் இருக்கும். பால் மட்டும் ஓட்டும் டெக்கில் அது மெதுவாக ஓடி, குரல்கள் கட்டையாகக் கேட்கும். பிரான்சில் பதிவான கேசட் கறுப்பு வெள்ளையாக வரலாம். இரண்டிலும் டெக் மேல் குற்றமில்லை. பல முறைகளையும் ஓட்டும் மல்டி சிஸ்டம் டெக் தேட வேண்டும்.

சோதனைக் கேசட் ஒரு மணி நேரம் தடங்கலின்றி ஓடிய பிறகுதான் கல்யாண கேசட். முதலில் அதை முழுக்க ஒருமுறை ஃபாஸ்ட் ஃபார்வர்டில் ஓட்டி, திரும்ப ரீவைண்டு செய்யுங்கள். பல வருடம் அசையாமல் ஒட்டியிருந்த டேப் தளரும். பிளேயை அமுக்கும் முன்பே டெக்கிலிருந்து வரும் படத்தைக் கம்ப்யூட்டரில் பதிய உதவும் யுஎஸ்பி கேப்சர் கருவியை மாட்டி, பதிவைத் தொடங்கிவிடுங்கள். சும்மா ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் பதிவு செய்யலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.