கூடலூர் பின்கோடை உடைத்துப் பார்ப்போம்: 643212

ஒரு பெரிய எண் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமா? முதலில் அதைப் பகா எண்களாக உடையுங்கள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அதிலிருந்தே வந்துவிடும். நீலகிரிக்காரர்கள் கவரின் மேல் எழுதிப் பழகிய எண்ணையே எடுத்துக்கொள்வோம்: கூடலூரின் 643212. (பின்கோடு முறை வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். 643 என்று தொடங்கினாலே நீலகிரிப் பக்கம்தான்.) தாளும் பேனாவும் போதும்.

படி 1: கடைசி இரண்டு இலக்கம் 12. அது 4-ஆல் வகுபடும், அதனால் முழு எண்ணும் வகுபடும்: 643212 ÷ 4 = 160803. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 18. ஆகவே 9-உம் போகும். மிச்சம் 17867.

படி 2: பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். 17867-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3, 11-ஆலும் மீதி 3, 13-ஆல் மீதி 5. சரி, 17? மீதியே இல்லை, 17 × 1051.

இப்போது 1051 பகா எண்ணா? எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. 33-இன் வர்க்கம் 1089, அதுவே 1051-ஐத் தாண்டிவிடுகிறது. 1051 பகு எண்ணாக இருந்தால், அதன் காரணிகளில் ஒன்றாவது 33-க்குள் இருந்தே தீர வேண்டும். 13 வரையுள்ள பகா எண்கள் 17867-ஐயே வகுக்கவில்லை, அதனால் அவற்றையும் விட்டுவிடலாம். பாக்கி 17, 19, 23, 29, 31 மட்டும். மீதிகள் முறையே 14, 6, 16, 7, 28. எதுவும் வகுக்கவில்லை. 1051 பகா எண்தான்.

643212 = 2² × 3² × 17 × 1051

படி 3: இனி எல்லாம் சுலபம். அடுக்குகள் 2, 2, 1, 1. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 3 × 2 × 2 = 36. இந்த எண்ணுக்கு மொத்தம் 36 வகுத்திகள்.

அப்புறம், தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் எண்ணுக்குச் சமமானால் நிறைவெண் (6, 28 போல), குறைந்தால் குறைவெண், கூடினால் மிகையெண். நம் எண் 6-ஆல் வகுபடுகிறது. அதன் பாதி, மூன்றில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு மூன்றையும் கூட்டினாலே அந்த எண் வந்துவிடும். மற்ற வகுத்திகள் அதற்கு மேல். ஆக மிகையெண். கூடுதலைப் போட்டே பார்த்தால் 1079964. கூட்டாமலேயே விடை தெரிந்துவிடுவது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

643212-இன் இலக்கங்களின் கூடுதலும் 18. அந்த 18 எண்ணை மீதியின்றி வகுக்கிறது: 35734. இப்படிப்பட்டவை ஹர்ஷத் எண்கள். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் வைத்த பெயர் இது.

அடுத்து குன்னூர், 643101. இலக்கங்களின் கூடுதல் 15, ஆனால் கடைசி இலக்கம் 1 என்பதால் 5-ஆல் வகுபடாது, ஹர்ஷத் இல்லை. 3-ஆல் வகுத்தால் 214367. 463-இன் வர்க்கம் 214369 என்பதால் 461 வரை மட்டும் பார்த்தால் போதும். 7-இலிருந்து தொடங்குங்கள், 47-இல் வழி திறக்கும்.